ரோசியின் கம்புக் கூடை

ரோசிக்கு நட்சத்திரத்தின் மேல்தான் ஆசை.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஓலைக் கூரை போட்ட கோவில் ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் அதில் சேசு பிறந்த தொழுவம் மாதிரி ஒரு குடில் கட்டுவார்கள். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சவரிராயன்தான் பிள்ளைகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பார்.

மூங்கில் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கிற வேலை, வழக்கம்போல அவருடைய மகன் ஆரோக்கியசாமிக்கே போயிற்று.

“ரோசி, நீ குடிலுக்குப் பச்சை வளத்து,” என்றார் உபதேசியார்.

பச்சை என்றால் கம்புப் பயிர். தட்டுக்கூடையில் எருமண்ணைப் பரப்பிக் கம்பு விதைப்பார்கள். முளைத்த பயிரைக் குழந்தை சேசுவுக்குப் பக்கத்தில் புல்வெளி மாதிரி வைப்பார்கள். அதை யார் வளர்த்தார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ரோசி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

“ஏஞ்சாமி அழுவற?” என்றாள் அம்மா சகாயம்மாள். “சேசு பொறந்தப்ப நட்சத்திரம் எங்கியோ மேல கெடந்துச்சு. அவரு படுத்திருந்தது புல்லுலதான.”

ரோசி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். உடனே அவளுக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது. ஊரே பார்த்திராத பச்சையை வளர்த்துவிட வேண்டும். பூசை வைக்கச் சேலத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும் சாமியார், “இது யார் வளத்தது?” என்று கேட்பார். “நாந்தானுங்க சாமி,” என்று அவள் சொல்வாள். அதைத் தண்ணீர்ப் பானைக்கு முன்னால் நின்று பலமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டாள். பானை ஒன்றும் சொல்லவில்லை.

விதைத்த மறுநாளே ரோசி மண்ணைக் கிளறிப் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். முளை எட்டிப் பார்த்த விதையை வெளியே எடுத்து, கொஞ்சிவிட்டு, மறுபடியும் புதைத்தாள். அத்தனையும் அழுகிப் போயிற்று.

பக்கத்து வீட்டு ராசாத்தி வேலி மேல் சாய்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா ஆண்டி கூலி வேலைக்குப் போகிறவர். அவர்களிடம் இருந்த ஒரே சொத்து, கருப்பி என்ற வெள்ளாட்டுக்குட்டி. ராசாத்தி போகிற இடமெல்லாம் அதுவும் போகும்.

“ஏ புள்ள, நீ தூங்கறப்ப, தூங்கிட்டியா தூங்கிட்டியான்னு யாராச்சும் எழுப்பிக்கிட்டே இருந்தா உனக்குத் தூக்கம் வருமா?” என்று கேட்டாள் ராசாத்தி.

ரோசிக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாம் முறை விதைத்ததும் ஒரு தந்திரம் செய்தாள். மண்ணைக் கிளறக் கை பரபரக்கும்போதெல்லாம், கையைக் கட்டிக்கொண்டு, மாதாவை வேண்டும் ‘அருள் நிறைந்த’ மந்திரத்தை ஒரு முறை சொன்னாள். தன் மகள் திடீரென்று இவ்வளவு பக்தியாகிவிட்டாளே என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

கடைசியில் ஒரு காலை, கூடை முழுக்க மெல்லிய பச்சை ஊசிகள் நின்றன. ரோசி குதித்த குதியில் கோழிகள் கூரை மேல் ஏறின. நாளுக்கு நாள் பயிர் வளர்ந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் அது சாண் உயரத்துக்குக் காற்றில் ஆடியது.

இனி பொறுக்க முடியுமா? “ராசாத்தி, ஓடியா, வந்து பாரு,” என்று கத்திக்கொண்டே ரோசி பின்பக்கத்து வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

ராசாத்தி கிணற்றடியில் இருந்தாள். இருவரும் கைகோத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, படல் திறந்து கிடந்தது. கூடைக்குள் நான்கு காலையும் வைத்து நின்றுகொண்டு, கருப்பி நிம்மதியாக மென்றுகொண்டிருந்தது. பாதிக் கூடை மொட்டையாகிவிட்டது.

பச்சையை வாங்கிப் போக உபதேசியார் வந்ததும் அதே நேரம்தான்.

“சாமியார் வண்டி வர்ற நேரத்துல இப்படியா?” அவர் முகம் சிவந்தது. “இந்த ஆட்ட இப்பவே பவுண்டுல அடைக்கறேன்.”

பயிரை மேயும் ஆடுமாடுகளைப் பிடித்து அடைக்கும் இடம்தான் பவுண்டு. அபராதம் கட்டினால்தான் வெளியே விடுவார்கள். ராசாத்தி குட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாமுங்க. எங்கய்யனால மீக்க முடியாதுங்க,” என்று அழுதாள்.

ரோசி படலைத் திரும்பிப் பார்த்தாள். அதைத் திறந்து போட்டது யார் என்று வேறு யாருக்கும் தெரியாது. சொன்னால், இத்தனை நாள் பட்ட பாடும் போய்த் திட்டும் கிடைக்கும். சொல்லாவிட்டால் கருப்பி போய்விடும்.

“ஆட்டு மேல தப்பில்லைங்க,” என்றாள். “படலச் சாத்தாம ஓடுனது நாந்தானுங்க.”

உபதேசியார் அவளையே பார்த்தார். கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

“சரி. இப்பப் பச்சைக்கு நான் எங்க போறது? ஏற்கெனவே குடில்ல வெக்கற மண்ணு ஆட்டுக்கு வேற காலு ஒடஞ்சு கெடக்குது.”

மண் ஆட்டுக்குக் காலில்லை. கருப்பிக்கு நாலு கால் இருக்கிறதே! ரோசியின் கண்கள் அகலமாயின.

“ஏனுங்க, சேசுவைப் பாக்க வந்த இடையருங்க ஆட்டையும் ஓட்டிட்டுத்தான வந்திருப்பாங்க? அந்த ஆடுங்க புல்லத் திங்காமயா நின்னிருக்கும்?”

தூரத்தில் வண்டி மாட்டின் சலங்கைச் சத்தம் கேட்டது.

அப்புறம் ஒரே ஓட்டம்தான். உபதேசியார் கூடையைத் தூக்கினார். ரோசி வைக்கோலை அள்ளினாள். ராசாத்தி குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை சேசு, மாதா, சூசையப்பர் சிலைகள், பக்கத்தில் பாதி மேய்ந்த கம்பு. அதன் நடுவே கருப்பி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ராசாத்தி இடையன் மாதிரி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்த ஆரோக்கியசாமி, முன்னால் நடப்பதை மறந்து குட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

சாமியார் உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். அவருடைய தாடிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு சிரிப்பு வெளியே வந்தது.

“எத்தனையோ ஊர்க் குடிலப் பாத்திருக்கேன். ஆடு மேஞ்ச குடில இங்கதான் பாக்கறேன். இந்தப் பச்சைய வளத்தது யாரு?”

ரோசி அத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி. அவள் வாயைத் திறந்தாள்.

“ம்ம்மே,” என்றது கருப்பி.

“அப்படியா, ரொம்ப நல்லா வளத்திருக்க,” என்று சாமியார் அதன் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

கோவிலே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ரோசிதான்.