வடிகட்டிய அறை

“அத்தானை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டு வாங்க. அவர் மக என் வீட்டுல வாசலையே பார்த்துட்டு இருக்கா. அத்தான்கிட்ட என்ன சொன்னாலும், ‘செத்துப்போன உன் அக்கா இங்க வர்றா, ஆதாரம் இருக்கு’ன்னு ஒரே பேச்சு” என்றாள் வந்தவள்.

புள்ளிவிவர நிபுணருக்கு அலுவலகத்தில் ‘நிதானம்’ என்று பெயர். அவருடைய உதவியாளருக்கு ‘அவசரம்’. பேய் என்றதும் அவசரம் பையை எடுத்துவிட்டாள்.

அத்தான் வீட்டு மாடியறையில் ஜன்னல்கள் மூடியிருந்தன. இறந்தவளின் சால்வை போர்த்திய ஆடும் நாற்காலிக்கு அடியில் அசைவை அளக்கும் சிறு கருவி இருந்தது. சுவரில் வெப்பமானி. இரண்டும் நிமிடத்துக்கு ஒருமுறை கணினிக்குத் தகவல் அனுப்பின. அவள் கணவர், மென்பொருள் எழுதுபவர், திரையைத் திருப்பினார்.

“அவளுக்குக் குளிர் ஆகாது. அறை கதகதப்பா இருந்தா வந்து உட்கார்றா. தொடர்பு எவ்வளவு பலமா இருக்கு, பாருங்க.”

புள்ளிகள் ஒரு சரிவாக ஏறின. அவசரம் திரையருகே குனிந்தாள். “சார், நிஜமாவே…”

“இரும்மா. பொறு” என்றார் நிதானம். நாற்காலி அசைய, தெருவில் ஒரு லாரி போனாலே போதும். அது அவரை உறுத்தவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு வேர்க்குது. நாற்காலி சும்மா இருக்கு. இந்த நிமிஷம் உங்க படத்துல எங்கே விழும்?”

கணவர் திரையைத் தேடினார். கதகதப்பும் அசையாமையும் சேரும் மூலை பெருக்கித் துடைத்ததுபோல் இருந்தது.

“அது வராது. படத்துல வரணும்னா அறை குளிர்ந்திருக்கணும், இல்ல நாற்காலி ஆடியிருக்கணும். ஒண்ணும் நடக்காத நிமிஷங்களை முதல்லயே வடிகட்டிட்டேன். எதுக்கு அதெல்லாம்?”

“பாடவோ ஆடவோ தெரிஞ்சவங்க மட்டும் உள்ள வரலாம்னு வாசல்ல ஒருத்தர் நின்னா என்ன ஆகும்?”

“உள்ளே பாடத் தெரியாதவங்க எல்லாரும் ஆடுவாங்க” என்றாள் அவசரம். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது.

“அதேதான். குளிராத நிமிஷம் உள்ளே வரணும்னா நாற்காலி ஆடியே ஆகணும். அந்தத் தொடர்பை உண்டாக்கினது வடிகட்டி. எல்லாத்தையும் திரும்பச் சேர்த்துப் பாருங்க.”

கணவர் ஒரே ஒரு வரியை அழித்தார். அதற்கு வெகு நேரம் ஆயிற்று. புள்ளிகள் திரை முழுதும் சிதறின. தொடர்பு பூஜ்யத்தை ஒட்டி நின்றது.

“அப்போ அவ வரலையா?”

“அதை இந்தக் கணக்கு சொல்லாது, தம்பி. வந்தாங்கன்னு சொன்னது அந்த வடிகட்டி மட்டும்தான்.”

கூட வந்திருந்த கொழுந்தியாள் தன் கைப்பேசியைக் கணவரிடம் நீட்டினாள். மறுமுனையில் மகள்.

“அப்பா, உங்க பக்கத்துல யாருப்பா இருக்கா? அம்மாவா?”

அவர் நாற்காலியைப் பார்த்தார்.

“இல்லடா கண்ணு. அப்பா மட்டும்தான் இருக்கேன்” என்றார். “நீ சாப்பிடாம இரு. வந்துடறேன், சேர்ந்து சாப்பிடலாம்.”