மீன்கொத்தித் தட்டு

பாட்டு தொடங்கி ஒரு நிமிடம் கடந்திருக்கும். ஒரு கேற் திறந்தது.

அலெக்ஸாண்டர் எழுந்து யன்னலால் எட்டிப் பார்த்தார். வாசல் கேற் பூட்டியபடியே இருந்தது. கச்சான் காற்று மதிலுக்கு மேலால் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மதிலோர நிழலில் இரண்டு கழுதைகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. வேறு ஒருவருமில்லை. அவர் திரும்பி வந்து, ஊசியைத் தூக்கிச் சற்று முன்னால் வைத்தார். வயலின்கள், பெயர் தெரியாத அந்த லண்டன்காரனின் மெழுகுக் குரல், பிறகு மறுபடியும் அது: துருவேறிய பிணைச்சலின் கிரீச், தொடர்ந்து இரும்பு மணலில் இழுபடும் நீண்ட ஓசை. கேற் தட்டுக்குள்தான் திறந்தது.

அதுவும் அவருடைய கேற்.

அவரிடம் இப்படியான இசைத்தட்டுகள் நானூற்றுச் சொச்சம் இருந்தன. அசலைச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. அலெக்ஸாண்டர் சேர்த்தது நகல்களை. அறுபது எழுபது வருடங்களுக்கு முன்னர் லண்டனில் ஒரு பாட்டு எடுபட்டதென்றால், இரண்டு மூன்று கிழமைக்குள் மலிவு லேபிள்காரர்கள் அதே பாட்டை, அதே மாதிரி, வேறொருவரைக் கொண்டு பாடவைத்துப் பாதி விலைக்குச் சில்லறைக் கடைகளில் தொங்கவிடுவார்கள். பாடியவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அது பொய்ப்பெயர். ஒலிப்பதிவுக் கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, ஒரு பின்னேரத்தில் நாலு பாட்டை முடிக்கவேண்டும். பிழைத்தால் திருப்பிப் பாட நேரமில்லை. ஆகவே இருமல், கடதாசி புரளும் சரசரப்பு, கதிரை அரக்கும் சத்தம் எல்லாம் தட்டிலேயே தங்கிவிடும். இந்தப் பிழைகளில்தான் அவருக்கு உயிர். எந்தத் தட்டில் எத்தனையாவது விநாடியில் என்ன பிழை என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

கொப்பியைப் புரட்டினார். இந்தத் தட்டுக்கு நேரே ஒரே குறிப்பு: 'முடிவில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்.' கேற் இல்லை.

புதிதாக வரவும் முடியாது. தட்டில் இருப்பது மயிரிழை அகலத்தில் சுருண்டு போகும் ஒரே ஒரு பள்ளம். அதன் சுவர்களின் நெளிவில் ஊசி அதிர, அந்த அதிர்வுதான் பாட்டாகிறது. சுவர் தேயலாம். கீறுப்படலாம். தூசி அடைக்கலாம். தட்டிலிருந்து எதையும் கழிக்கலாம், கூட்டமுடியாது.

"தேத்தண்ணி ஆறுது," என்று குசினியிலிருந்து மனைவி பிறின்சி குரல் கொடுத்தாள். "அந்த வெள்ளைக்காரனை ஒருக்கா மூச்சு விட விடுங்கோவன்."

அவர் ஊசியைத் தூக்கினார். அன்று செவ்வாய்க்கிழமை. முதல்நாள்தான் சிலாவத்துறையிலிருந்து நிஸ்லா போன் எடுத்திருந்தாள்.

"அங்கிள், நான் மஹ்மூதுட மகள். வாப்பா மௌத்தாகி நாப்பது நாள் முடிஞ்சுது. கடைசி மட்டும் ஒண்டைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவர், அலெக்ஸிட்டை இன்னொருக்காக் கேள் எண்டு. சபூரா மாமிட றெக்கோட். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய வரட்டோ?"

"வாங்கோ பிள்ளை," என்றார்.

மஹ்மூது நானா பக்கத்து வீட்டுக்காரர். கடைத்தெருவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் இந்தத் தீவிலிருந்த முஸ்லிம் சனம் முழுவதும் ஓரிரு நாளில் வெளியேறவேண்டும் என்று இயக்கம் அறிவித்தபோது, கையில் ஒரு பையோடு மதிலடிக்கு வந்து, ஒரு பெட்டி இசைத்தட்டுகளை அலெக்ஸாண்டரின் கையில் வைத்தார். "ஈரம் படாமல் வைச்சிரு தம்பி. வந்து எடுக்கிறன்."

அந்தப் பெட்டியில் பச்சை உறையில் ஒரு தட்டு இருந்தது. லேபிளில் ஒரு மீன்கொத்தியின் படம். லண்டன்காரர் செய்ததைக் கொழும்பில் கொஞ்சக்காலம் செய்து பார்த்த ஒரு சின்னக் கம்பனியுடையது. மஹ்மூது நானா ராத்தா என்று அழைத்த அக்கா சபூரா, பத்தொன்பது வயதில், மருதானையில் மாமா வீட்டில் நின்ற நாட்களில், ஒரு பின்னேரம் போய் ஒரேயொரு ஆங்கிலப் பாட்டைப் பாடிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று பெயர் போடவில்லை. இரண்டு வருடத்தில் பிள்ளைப்பேற்றில் இறந்துபோனாள். அவளுடைய ஒரே படமும் அந்த வெளியேற்றத்தில் தொலைந்தது. மிஞ்சியது இரண்டேகால் நிமிடக் குரல். பாட்டு முடிந்ததும், பதிவு நின்றுவிட்டதென்று நினைத்து அவள் கலீரென்று ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அதை வெட்ட அந்தக் கம்பனிக்கு நேரம் இருக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு மஹ்மூது நானா வந்தார். புத்தளத்து முகாமில் இருந்த காலத்தில் கால் ஒன்று விளங்காமல் போயிருந்தது; ஓர் அடி வைத்து, ஓர் அடியை இழுத்தார். வயர் பின்னிய கதிரையில் உட்கார்ந்தார். "மற்றதெல்லாம் நீயே வைச்சிரு தம்பி. ராத்தாட றெக்கோட் மட்டும். இருக்கோ?"

தட்டு அவருக்குப் பின்னால், எட்டிப் பிடிக்கும் தூரத்தில், அலுமாரிக்குள் இருந்தது.

"எரிஞ்சு போச்சு நானா. ஷெல் விழுந்து."

இருபது வருடமாக அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு அது தன்னுடையது என்றாகியிருந்தது. உலகத்தில் எந்தச் சேகரிப்பாளரிடமும் இன்னொரு பிரதி இருந்ததில்லை. கொடுக்கக் கை மறுத்தது, வாய் உதவிக்கு வந்தது. அதைவிட அவரால் தாங்கமுடியாதது பிறகு நடந்தது. மஹ்மூது நானா அவருடைய தோளைத் தட்டி, "அதுக்கென்ன தம்பி, நீ உயிர் தப்பினதே பெரிசு," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

"இந்த முறையாவது குடுப்பியளோ?" என்றாள் பிறின்சி, தேநீரை மேசையில் வைத்தபடி.

"வாங்கோ எண்டு சொன்னனான்தானே."

"வாங்கோ எண்டு சொன்னியள். தாறன் எண்டு சொல்லேல்லை."

புதன்கிழமை அவர் செய்த வேலையைப் பிறின்சிக்குச் சொல்லவில்லை. சபூரா பாடிய அதே பாட்டை லண்டனில் ஒரு பெயரில்லாப் பெண் பாடிய மலிவுத் தட்டு அவரிடம் இருந்தது. அதே மெட்டு, அதே வேகம், நிமிடத்துக்கு அதே நாற்பத்தைந்து சுற்று. நிஸ்லா தன் மாமியின் குரலை வாழ்நாளில் கேட்டதில்லை. மீன்கொத்தி லேபிளை உரித்து ஒட்டமுடியாது. லேபிள் பசையால் ஒட்டுவதல்ல, சூட்டில் தட்டோடு சேர்த்து அழுத்துவது. ஆகவே அதைப் படமெடுத்து, கொமினிக்கேசன் கடையில் கலரில் அச்சடித்து, வட்டமாக வெட்டி, லண்டன் தட்டின் மேல் ஒட்டினார். அதைப் பச்சை உறைக்குள் போட்டார். சபூராவின் தட்டு ஒரு வெள்ளைக் கடதாசி உறையில் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போனது. நகலுக்கு ஒரு நகல். கை நடுங்கவேயில்லை. அதுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

பசை காயும்வரை வேறொரு தட்டைப் போட்டார். டிரம்சுக்கும் கிற்றாருக்கும் அடியில், மெல்ல, மணலில் ஓர் அடி. பிறகு ஓர் இழுப்பு. ஓர் அடி. ஓர் இழுப்பு.

அது இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வந்தது. அந்தக் காலத்துத் தட்டுகள் மோனோ; பள்ளத்தின் இரண்டு சுவரும் ஒரே செய்தியைச் சொல்பவை. பாட்டு நடுவில்தான் நிற்கும், ஒரு பக்கமாய் நகராது. தூசி ஒரு பக்கமாய்க் கரகரக்கும். தூசி நொண்டாது.

இடப்பக்க ஸ்பீக்கர் இருந்தது வாசற்கதவின் பக்கம்.

வியாழக்கிழமை தட்டுகளைத் தொடுவதில்லை என்று காலையில் தீர்மானித்தார். மத்தியானம் ஒன்றை எடுத்தார். வாசற்படியில் செருப்புக் கழற்றும் சத்தம். ஒன்று. பிறகு கொஞ்சம் பொறுத்து மற்றது, விளங்காத காலுடையது. பிறகு வயர் கதிரை ஒரு மனிதப் பாரத்துக்கு நெரிபட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள், கேட்க ஒன்று இருப்பவரைப்போல.

அவர் திரும்பி மண்டபத்துக் கதிரையைப் பார்த்தார். வெறும் கதிரை. வெயில் அதன் வயர்களைக் கோடுகோடாக நிலத்தில் விழுத்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிபோலப் பிறின்சி தாழ்வுபாட்டிலிருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டாள். கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்: "நான் வரேக்கை அது இந்த வீட்டிலை இருக்கக் கூடாது. சொல்லிப்போட்டன்."

நிஸ்லா இரண்டு மணிக்கு வந்தாள். கேற்றின் கிரீச்சைக் கேட்டதும் அலெக்ஸாண்டர் யன்னலால் எட்டிப் பார்த்தார். முப்பது வயதிருக்கும், கையில் வட்டிலப்ப இனிப்புப் பாத்திரத்தோடு, வெயிலில் சிவந்த முகம். நேரே வயர் கதிரையில் உட்காரப் போனாள்.

"அதிலை வேண்டாம் பிள்ளை. இதிலை இருங்கோ."

"உடைஞ்சதோ அங்கிள்?"

"ம்... ஓம்."

பச்சை உறையை நீட்டினார். அது வேறொரு பெட்டியில் கிடந்து, போன மாதம்தான் அகப்பட்டது என்றார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு பிடித்தாள்.

"வாப்பா உங்களை ஒருநாளும் பிழையா நினைக்கேல்லை அங்கிள். எரிஞ்சதை நினைச்சு அலெக்ஸ்தான் என்னைவிடக் கவலைப்படுவான் எண்டு சொல்லுவார்." கண்ணைத் துடைத்தாள். "ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோவன். எங்கடை வீட்டிலை மெசின் இல்லை. வாப்பா சொன்னவர், பாட்டு முடிய மாமி ஒரு சிரிப்புச் சிரிப்பாவாம். அதைத்தான் கேக்கவேணும்."

லண்டன் தட்டில் சிரிப்பு இல்லை.

இப்போது சொல்லியிருக்கலாம். அலுமாரி ஆறடி தூரத்தில். 'பிள்ளை, பொறுங்கோ' என்ற இரண்டு சொல் போதும். அவர் உறையிலிருந்து தட்டை எடுத்தார். ஒட்டிய லேபிளின் ஓரம் ஓரிடத்தில் மெல்லக் கிளம்பியிருந்தது, பெருவிரலால் அழுத்தினார். ஊசியை வைத்தார்.

இரண்டேகால் நிமிடம். வயலின்கள். ஒரு பெண் குரல். அவர் அதைக் கேட்கவில்லை, சிரிப்பு வராத அந்த இடத்தையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரி. கடைசி வயலின். ஒரு வெறுமை.

கலீரென்று ஒரு சிரிப்பு.

நிஸ்லா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்கடை வாப்பாட சிரிப்பு," என்றாள். "அப்பிடியே வாப்பாட சிரிப்பு!"

ஊசி தட்டின் நடுவுக்குப் போய் டிக், டிக் என்று சுற்றியது. "இதென்ன அங்கிள் சத்தம்?"

"முடிவிலை... பள்ளம் வட்டமா மூடியிருக்கும்," என்றார் அலெக்ஸாண்டர். அவருடைய குரல் அவருக்கே தூரத்தில் கேட்டது. "ஊசி லேபிளிலை ஏறாமல் இருக்க. அதுக்குள்ளையே சுத்தும், ஆராவது தூக்குமட்டும்."

"ஆரும் தூக்காட்டி?"

"சுத்தும்."

அவள் தட்டை உறைக்குள் போட்டு, முந்தானையால் சுற்றி, குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு போனாள். கேற் சாத்தப்பட்டது. வெளியே காத்திருந்த மோட்டார் சைக்கிளின் சத்தம் காற்றில் தேய்ந்தது.

அலெக்ஸாண்டர் அலுமாரியைத் திறந்தார். வெள்ளை உறையிலிருந்து தட்டை எடுத்து வெளிச்சத்தில் சரித்தார். மீன்கொத்தி. பள்ளங்கள் முன்னைப்போலவே மின்னின. ஊசியை வைத்தார்.

வயலின் இல்லை. சபூரா இல்லை.

கேற்.

ஓர் அடி. ஓர் இழுப்பு. ஓர் அடி. ஓர் இழுப்பு.

செருப்பு. பொறுத்து, மற்றச் செருப்பு.

கதிரை.

இடப்பக்கத்தில் ஒரு செருமல். ஊசி வேகமாக நடுவுக்கு ஓடியது. வட்டத்துக்குள் விழுந்தது.

"தம்பி, இருக்கோ?"

டிக்.

"தம்பி, இருக்கோ?"

டிக்.

கோபமில்லாத குரல். அதே பணிவு. அவர் ஊசியைத் தூக்கினார். "தம்பி, இருக்கோ?" வயரைச் சுவரிலிருந்து இழுத்தார். தட்டு நின்றது. "தம்பி, இருக்கோ?" டிக். அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. ஸ்பீக்கருக்குக் கீழே இருந்த கதிரையிலிருந்து வந்தது.

கதிரையின் வயர்கள் நடுவில் தாழ்ந்திருந்தன. அதன் முன்னால், பிறின்சி காலையில் கூட்டிய சிமெந்து நிலத்தில், மணல். ஒரு முழுப் பாதம். பக்கத்தில் இழுபட்ட ஒரு கோடு.

சொல்லிவிடலாம். இப்போதாவது. தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். உதட்டைக் கூட்டி, நாக்கைத் தூக்கி, 'இருக்கு நானா' என்று சொன்னார். தொண்டை அசைந்ததை உணர்ந்தார்.

"எரிஞ்சு போச்சு நானா," என்றது அவர் வாய்.

டிக்.

"தம்பி, இருக்கோ?"

"எரிஞ்சு போச்சு நானா."

டிக்.

வாயைப் பொத்தினார். விரல்களுக்குள்ளால் வந்தது. கையில் கருகல் மணத்தது. வெயில் சாய்ந்தது. வயர்க் கோடுகள் நிலத்தில் நீண்டன.

கேற் கிரீச்சிட்டது. பிறின்சியின் குரல், முற்றத்திலிருந்து.

"என்னப்பா, குடுத்தாச்சோ?"

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். கண்ணால் கெஞ்சினார். வாய் திறந்தது.

"எரிஞ்சு போச்சு."

டிக்.

"எரிஞ்சு போச்சு."

டிக்.