சங்கத்துப் பொம்மை

கல்மண்டபம் பஸ் நிறுத்தத்தில் அன்றைக்கு மழை பெய்த வேகத்தில் யாருக்குத்தான் கண் சரியாகத் தெரியும்? அதனால் அவன்மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனசில்லை...

தேவகிருபை பெட்டிக்கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றாள். வெள்ளைப் புடவை, தோளில் மருத்துவச்சிகளுக்கே உரிய தோல் பை, கையில் துண்டில் சுற்றிய ஒரு மூட்டை. இந்தப் பெண்ணுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு துண்டுக்குள் கையை விட்டாள். அன்று மத்தியானம் வகுப்பில் டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த மாதிரியே இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்தாள். தொங்கவிட்டாள். பொறு... பொறு... பிடரி தெரியட்டும். இப்போது மெதுவாக மேலே தூக்கு...

“யம்மா, இன்னா பண்ற நீ!”

ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன் பாய்ந்து வந்தான். மடித்துக் கட்டிய கைலி, மேலெல்லாம் மீன் வாடை, தலையெல்லாம் தண்ணீர். அவள் கையிலிருந்ததைப் பிடுங்கி, கழுத்துக்குக் கை கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“பச்ச கொயந்தைய தலகீயா தொங்கவுட்டுகினு கீறியே, நீயெல்லாம் பொம்பளதானா?”

துண்டு நழுவியது. உள்ளே துணிப் பொம்மை. மையால் எழுதிய கண் இரண்டும் அவனையே பார்த்தன. ஒதுங்கி நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் அசடு வழிந்தான். ஆனால் அந்தக் கண்கள்... ஒரு குழந்தைக்காகப் பதறி, இல்லை என்றதும் நிம்மதியாகி, வெட்கப்பட்டு, எல்லாம் ஒரே நொடியில்! தேவகிருபை அதைப் பார்த்தாள். பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது, அது என்ன கணக்கோ. கூட்டத்துச் சிரிப்பு தன்னையும் சேர்த்துத்தான் என்று பட்டதும் நாக்கு தவறிவிட்டது.

“மீன் அள்ளுற கையால சங்கத்துப் பொம்மையைத் தொட்டுட்டீங்களே. இதை இனி எப்படிக் கழுவுறது?”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. பொம்மையைத் துண்டில் நன்றாகச் சுற்றி, தலையை மேலே வைத்து, அவளிடம் கொடுத்தான். மழையில் நடந்து போய்விட்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அதற்கு முன்பு மட்டும் இருப்புக்கொண்டதா? அதுவும் இல்லை. ஆடி மாதம் எண்ணூரில் ஒரு வீட்டில் குழந்தைக்குக் கால் முதலில் வந்தது. தலை சிக்கிக்கொண்டது. அவள் கையிலேயே போய்விட்டது. பெற்றவள்கூட ஒன்றும் சொல்லவில்லை. இவள்தான் திருவொற்றியூர் வீட்டுக்குள் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது தேடி வந்தவர் ராயபுரம் மருத்துவச்சிகள் சங்கத்தின் செயலாளர் தங்கபுஷ்பம். திட்டவில்லை. படித்தது போதவில்லை என்றால் திரும்பப் படிக்கலாம், அதற்குத்தானே சங்கம் என்று கையோடு கூட்டிப்போனார். சனிக்கிழமை வகுப்பு. ஒருத்தி வகுப்புக்கு வந்தால் அவள் பேட்டையின் பிரசவங்களை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள். இல்லாவிட்டால் எந்த மருத்துவச்சிக்கு வாரம் தவறாமல் வந்து பாடம் கேட்க முடியும்? இருப்பது ஒரே பொம்மை. அதை வாரம் ஒருத்தி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகலாம்.

தேவகிருபைக்கு அதற்கு நாளும் அதிகமில்லை. கருப்பட்டி மண்டி ஞானதுரை, அவள் அப்பா, தூத்துக்குடியில் சம்பந்தம் பேசிவிட்டார். மாப்பிள்ளை வீட்டில், கல்யாணத்துக்குப் பிறகு பிரசவம் பார்க்க வீடு வீடாக அலையக்கூடாது என்று சொல்லியாயிற்று. அப்பாவும் தலையாட்டிவிட்டார். கால் முதலில் வரும் ஒரு குழந்தையையாவது இந்தக் கையால் உயிரோடு எடுக்காமல் இந்த வேலையை விடுவதா?

இதற்கிடையில் அவன் வேறு. சனிக்கிழமைதோறும் அதே நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாள். ஒரு மன்னிப்புக் கேட்கத்தான், வேறொன்றுமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். எதிர்ப் பக்கம் அவனும் வந்து நிற்பான். இவள் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இவள் ரோட்டைத் தாண்டுவதற்குள் ஆளைக் காணோம்... திமிர் பிடித்தவன்.

தூத்துக்குடிக்காரர்கள் மறுநாள் பெண் பார்க்க வருவதாக இருந்த அந்தச் சனிக்கிழமை, வகுப்புக்கு எல்லாரும் வந்து, டாக்டரம்மா மட்டும் இன்னும் வந்து சேராத நேரத்தில், வாசலில் அவன் வந்து நின்றான். கண்ணில் அதே பதற்றம்.

“கன்னிமாக்கா... நீலாவுக்கு வலி வந்துகீது. மங்கையம்மா வேற வூட்ல மாட்டிகினாங்கோ.”

நீலா அவன் தங்கை. காசிமேட்டுக் குப்பம் கன்னியம்மாவின் பேட்டை. கன்னியம்மா வகுப்பில் இருக்கும்போது மங்கைதான் பார்க்கவேண்டும், அவளோ இன்னொரு பிரசவத்தில். கன்னியம்மா எழுந்துவிட்டாள். எழுந்தவள் தன் கட்டுப் போட்ட விரலைப் பார்த்து நின்றாள். நகச்சுற்று, சீழ் கட்டியிருந்தது. சீழ் கட்டிய கையால் பிரசவம் தொடக்கூடாது. சங்கத்தில் சேர்ந்த அன்றே எல்லாரும் படித்த பாடம் அது.

“கொயந்த கால் கீய கீதுன்னு போன வாரமே தொட்டு பாத்தேன். ஆஸ்பத்திரிக்கு போன்னேன், கேக்கல,” என்றாள். பிறகு தேவகிருபையைப் பார்த்தாள். “நீ பண்ணு கண்ணு. நான் பக்கத்துல கீறேன்.”

தேவகிருபை தோல் பையை எடுத்தாள். அவன் அவளைப் பார்த்தான். இவளா என்று கேட்கவில்லை. பையை மட்டும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

மூன்று பேரும் ஜட்கா வண்டியில் ஏறினார்கள். குதிரை மெதுவாகப் போகிற மாதிரியே இருந்தது அவளுக்கு. போய்ச் சேர்ந்தபோது கால் இரண்டும் வெளியே வந்திருந்தது. இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லை.

கையைத் தேய்த்துக் கழுவினாள். இழுக்கணும் போல விரல் துடித்தது. இழுக்காதே என்று தனக்கே சொன்னாள். உடம்பு வெளியே வந்ததும் துணியில் சுற்றி, அப்படியே தொங்கவிட்டாள். நீலா கதறினாள். கன்னியம்மா அவள் தலையைத் தடவினாள். பொறு... பொறு... பிடரி தெரிந்தது. கணுக்காலைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினாள். வாய் வந்தது, மூக்கு வந்தது, தலையும் வந்துவிட்டது. ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லை. அவள் செத்துப் பிழைத்தாள். அப்புறம் அழுதது பாருங்கள், கட்டுமரம் உலர்த்துகிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

எல்லாம் முடிந்து, தாயும் பிள்ளையும் சுகமென்று நிச்சயமான பிறகு கரைப்பக்கம் வந்து நின்றாள். எண்ணூர்க் குழந்தைக்காக இத்தனை நாள் வராத அழுகை இப்போது வந்தது. அவன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அழுது முடியும்வரை தள்ளி நின்றான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு,” என்றாள். “ரொம்பத் தப்பு.”

“வலிச்சிது, நர்சம்மா. பொய் சொல்ல மாட்டேன்.”

“மன்னிச்சிடுங்க.”

அவன் கடலைப் பார்த்தான். “எனுக்கு பஸ்ல போற வேலயே இல்ல. சனிக்கெயம ஆனா காலு தானா அங்க வந்துடுது. உன்ன ஒரு தபா பாத்தா போதும்னு வருவேன். நீ பாத்தா பேஜாரா பூடும், ஓடிடுவேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை.

“நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க.”

அவன் சொம்பை மணலில் வைத்தான்.

“வரவேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லப் போறேன். ஏன்னு கேப்பாரு.”

“வேலய வுடமாட்டேன்னு சொல்லு.”

“அது சொல்லுவேன். இன்னொரு காரணமும் இருக்கே...”

அவன் திரும்பினான். அந்தக் கண்கள் இப்போது ஓடவில்லை. “அதுக்கு எம்பேர சொல்லு.”

“உங்க பேரு எனக்குத் தெரியாதே...”

“ரகுபதி.”

ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ வீட்டில், தூத்துக்குடிச் சனங்களுக்கு முன்னால் அந்தப் பேரைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

“ரகுபதி,” என்றாள். பாதிப் பேர் அழுகையில் கரைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்பாவுக்கு எதிரே நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, இன்னொரு தரம் முழுசாகச் சொன்னாள்.