பின்னால் வந்த லொறி

வகுப்பில் கமலாசனியின் வாங்கில் இரண்டு பேர் உட்காரலாம். அவள் மட்டும்தான் இருந்தாள்.

யாரும் அவளோடு சண்டை போடவில்லை. அவள் ஆண்டின் நடுவில் வந்தவள். அதற்கு முன்பே எல்லோருக்கும் கூட்டாளிகள் கிடைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

ஒரே ஒரு முறை வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. கணக்கு டீச்சர், "வீட்டுப் பாடம் செஞ்சிட்டியா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றாள் கமலாசனி.

"சாமி கும்பிடுறா டீச்சர்," என்றது பின் வாங்கு.

எல்லோரும் சிரித்தார்கள். கமலாசனியும் சிரித்தாள். அன்றிலிருந்து "ஓம்" என்பதற்குப் பதிலாக "ஆமா" என்று சொல்லப் பழகினாள். வேறு யாருடைய பல்லோ வாயில் இருப்பது போல இருந்தது.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அங்கிருந்து வெளியே வர அனுமதி வாங்க வேண்டும். அவளுக்குக் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைக்கவில்லை. படிப்பாவது நடக்கட்டும் என்று அவளை மட்டும் கண்டிக்கு அனுப்பினார்கள்.

மஹய்யாவையில் சித்தி வீடு. சித்தி பத்மாதேவி ஆஸ்பத்திரியில் தாதி, பெரும்பாலும் இரவு வேலை. கமலாசனி பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது சித்தி வேலை முடிந்து வருவாள். கமலாசனி திரும்பி வரும்போது சித்தி வேலைக்குப் புறப்படுவாள். இருவரும் அநேகமாகக் கதவடியில்தான் சந்தித்தார்கள்.

ஒரு நாள் உடற்பயிற்சி டீச்சர் செசிலியா வகுப்புக்கு வந்தார்.

"கண்டியில புதுசா ஒரு போட்டி வைக்கிறாங்க. முதல்ல நீச்சல். அந்த ஈரத்தோட சைக்கிள். சைக்கிள விட்டதும் ஓட்டம். மூணும் ஒரே மூச்சில."

"நடுவில சாப்பாடு இல்லையா டீச்சர்?" என்று பின் வாங்கு கேட்டது.

"கடைசியில பணிஸ் இருக்கு. நீந்தத் தெரிஞ்சவங்க யாரு?"

ஒரு கை மட்டும் உயர்ந்தது.

"எங்க பழகின?" என்றார் டீச்சர்.

"கடலில, டீச்சர். அப்பா பழக்கினவர்."

"சைக்கிள் ஓடுவியா?"

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் வளர்ந்தவள் அவள். அங்கே ஐந்து வயதுப் பிள்ளையும் சைக்கிள் ஓடும். மாப்பிள்ளையும் சைக்கிளில்தான் கல்யாணத்துக்குப் போவார். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்க," என்றார் டீச்சர். "தூரம் அதிகம். எல்லாருக்கும் பின்னால ஒரு லொறி வரும். முடியாம நிக்கிறவங்கள ஏத்திக்கிட்டு வரும். அதில ஒண்ணும் வெட்கமில்ல."

ஏத்திக்கிட்டு வரும். அந்தச் சொல் கமலாசனிக்குப் பிடிக்கவில்லை.

அவளை எத்தனையோ முறை ஏற்றியிருந்தார்கள். முதலில் டிராக்டர் பெட்டியில், பாய் மூட்டைக்கும் ஓர் ஆட்டுக்கும் நடுவில். பிறகு கப்பலில். பிறகு திருகோணமலையிலிருந்து பஸ்ஸில். ஏறு என்றார்கள், ஏறினாள். இறங்கு என்றார்கள், இறங்கினாள். போக விருப்பமா என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஆட்டையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த லொறியில் ஏறுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள். முதலாவதாக வர வேண்டாம். பத்தாவதாகவும் வர வேண்டாம். ஒரு முறையாவது தன் காலால் போய்ச் சேர வேண்டும்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. சித்திக்கு அன்று பகல் வேலை. கமலாசனி சித்தியின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்தாள்.

மற்றப் பிள்ளைகளோடு ஆட்கள் வந்திருந்தார்கள். சிலர் பிளாஸ்கில் தேநீர் கொண்டு வந்திருந்தார்கள். வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டு நின்றாள். அவள் பெயர் ஸக்கியா. அவளுடைய வாப்பா குடையோடு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தண்ணி குடிச்சியா மகள்?"

"குடிச்சேன் வாப்பா."

"நானாட சைக்கிள் பத்திரம். அவன் என்னத் தின்னுருவான்." அண்ணனிடம் இரவல் வாங்கிய சைக்கிள் அது.

கமலாசனி தன் தலை துடைக்கும் துவாயைத் தானே மடித்து வைத்தாள்.

நீச்சல் தடாகம் அவளை ஏமாற்றிவிட்டது. கடல் உப்புத் தண்ணீர். ஆளைத் தூக்கிப் பிடிக்கும். இந்தத் தண்ணீர் தூக்கவில்லை. மருந்து மணத்தது. கை வீசத் தொடங்கினால் சுவர் வந்துவிடும். திரும்பினால் மற்றச் சுவர். மூன்று முறை தலையை இடித்துக்கொண்டாள். கரை ஏறியபோது அவளுக்குப் பின்னால் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள்.

சைக்கிளில் ஏறினாள். பேராதனைப் பாலம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். ரோட்டில் வாகனம் குறைவு. கூந்தலிலிருந்து தண்ணீர் முதுகில் வடிந்தது. போகும்போது இருவரைத் தாண்டினாள். பாலத்தில் திரும்பிய பிறகு இன்னும் ஒருத்தியைத் தாண்டினாள். அது ஸக்கியா.

"மெதுவாப் போங்க," என்றாள் ஸக்கியா, மூச்சு வாங்க. "மத்தவங்களும் வாழணும்."

கமலாசனிக்குச் சிரிப்பு வந்தது. கண்டிக்கு வந்த பிறகு சைக்கிள் ஓடுவது இதுதான் முதல் தடவை. கால்கள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தன.

அதுதான் பிழையாகப் போயிற்று.

வளைவு தாண்டியதும் ரோட்டோரத்தில் இராணுவக் காவலரண் ஒன்று வந்தது. மண்மூட்டை அடுக்கு, இரண்டு தகரப் பீப்பாய், துப்பாக்கியோடு ஓர் ஆள். போகும்போது அது மறுபக்கத்தில் இருந்ததால் அவள் கவனிக்கவில்லை. இப்போது அவளுக்கு நேரே இருந்தது.

அவள் யோசிக்கவில்லை. கால் தானாக இறங்கியது. சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் கிரீச் என்று ஒரு சத்தம். பிறகு ஏதோ விழும் சத்தம்.

ஸக்கியா ரோட்டில் கிடந்தாள். சைக்கிள் அவள் மேல் கிடந்தது.

"என்னா செஞ்ச நீ?" என்று கத்தினாள் ஸக்கியா. "நடு ரோட்டில யாராவது எறங்குவாங்களா?"

கமலாசனி ஓடிப்போய்ச் சைக்கிளைத் தூக்கினாள். ஸக்கியாவின் முழங்காலில் காற்சட்டை கிழிந்து இரத்தம் தெரிந்தது. சைக்கிளின் சங்கிலி கழன்று, மூடியிருந்த தகரத்துக்குள் சிக்கிக்கொண்டது. திருப்புளி இல்லாமல் அதைத் திறக்க முடியாது.

இராணுவக்காரர் வந்தார். இளம் ஆள். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கமலாசனியைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவளுக்கு விளங்கவில்லை.

"ஏன் எறங்கினேன்னு கேக்கிறாரு," என்றாள் ஸக்கியா. "நானும் அதத்தான் கேக்கிறேன்."

"எங்கட இடத்தில ஆமிக் காவலரணைக் கண்டா இறங்கித்தான் போகோணும்," என்றாள் கமலாசனி. "ஆமிக்காரர் கை காட்டின பிறகுதான் ஏறலாம்."

"எல்லாருமா?"

"ஓம். எல்லாரும்."

"வயசான ஆக்களும்?"

"ஓம்."

ஸக்கியா அதைச் சிங்களத்தில் சொன்னாள். இராணுவக்காரர் ரோட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"இங்க எறங்கத் தேவையில்லையாம்," என்றாள் ஸக்கியா. அவளுடைய குரலில் கோபம் குறைந்திருந்தது. "நீ போ. ஒன்ட சைக்கிள் நல்லாத்தானே இருக்கு. நான் லொறியில வாறேன்."

இதற்கிடையில் பின்னால் வந்த மற்றவர்கள் எல்லோரும் அவர்களைத் தாண்டிப் போயிருந்தார்கள். வளைவில் லொறி தெரிந்தது. நகரசபையின் பழைய லொறி. ஆடி ஆடி வந்தது.

கமலாசனி தன் சைக்கிளைப் பார்த்தாள். இப்போது ஏறி மிதித்தால் போய்விடலாம். லொறி அவளைப் பிடிக்காது. அதன் பிறகு கண்டி வாவியைச் சுற்றி ஓடுவதுதான் பாக்கி. அதை அவள் ஓடிவிடுவாள்.

ஸக்கியா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முழங்காலை ஊதினாள். "வாப்பா எவ்வளவு பேருக்குச் சொல்லி வச்சாரு தெரியுமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லொறி வந்து நின்றது. சாரதி வீரய்யா தலையை வெளியே நீட்டினார். வெற்றிலை போட்ட வாய்.

"ரெண்டு பேரும் ஏறுறீங்களா?"

"இல்லை," என்றாள் கமலாசனி.

ஸக்கியா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணை, நாங்கள் சைக்கிள மாத்தலாமோ?" என்று கமலாசனி கேட்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நிக்கிற புள்ளைங்கள ஏத்திட்டு வரச் சொன்னாங்க. நீங்க நிக்கிறீங்களா?"

"இல்லை. போறம்."

"அப்ப போங்க. எனக்கென்ன."

கமலாசனி தன் சைக்கிளை ஸக்கியாவிடம் கொடுத்தாள். "உம்மட காலில காயம். நீர் இதில ஏறி மெல்ல மிதியும். நான் உம்மடைய உருட்டிக்கொண்டு வாறன்."

"சங்கிலி இல்லாம எப்படி?"

"இறக்கத்தில சங்கிலி என்னத்துக்கு?"

அவள் ஒரு காலை மிதியில் வைத்து, மறு காலால் தரையை உதைத்தாள். சைக்கிள் உருண்டது. இறக்கத்தில் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டாள். மேட்டில் குதித்து இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஸக்கியா ஒரு காலால் அதிகமாகவும் ஒரு காலால் குறைவாகவும் மிதித்து வந்தாள். அவர்களுக்குப் பின்னால் லொறி உறுமிக்கொண்டு வந்தது. வீரய்யா ஒரு பழைய பாட்டைப் பிழையாகப் பாடினார்.

சைக்கிள் விடும் இடத்தில் யாரும் இல்லை. மற்றவர்களுடைய சைக்கிள்கள் மட்டும் வரிசையாகச் சாய்ந்திருந்தன.

வாவிக் கரையில் ஓடத் தொடங்கினார்கள். ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஸக்கியா நொண்டினாள். கமலாசனியின் தொடை நடுங்கியது. முன்னால் ஒருவரும் தெரியவில்லை. மரங்களும் தண்ணீரும் மட்டும்தான் தெரிந்தன.

பாதி வழியில் பெரிய உடும்பு ஒன்று தண்ணீரிலிருந்து ஏறி ரோட்டின் நடுவில் நின்றது.

"நிக்காதே," என்றாள் ஸக்கியா. "நின்டா ஏத்திருவாரு."

இருவரும் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஓடினார்கள். உடும்பு அவர்களைப் பார்த்தது. நாக்கை நீட்டியது. அதற்கு அவசரமே இல்லை.

"இவருக்கும் நம்பர் குத்தியிருக்காங்களா?" என்று லொறியிலிருந்து வீரய்யா கேட்டார்.

ஸக்கியா சிரித்ததில் விழப் பார்த்தாள். கமலாசனி அவள் கையைப் பிடித்தாள். உடும்பு போன பிறகும் விடவில்லை.

முடிவுக் கோட்டில் பதாகையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியாயிற்று. செசிலியா டீச்சரும் ஸக்கியாவின் வாப்பாவும் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இருவரும் கோட்டைத் தாண்டினார்கள். லொறி வந்து அவர்களுக்குப் பக்கத்தில் நின்றது.

"பரவாயில்ல, கடைசியிலயாவது எறங்கி ஓடினீங்களே," என்றார் டீச்சர். "ரெண்டு பேரும் எந்த இடத்தில லொறியில ஏறினீங்க?"

கமலாசனிக்கு மூச்சு வாங்கியது.

வீரய்யா கதவைத் திறந்து இறங்கினார். லொறியின் பின்பக்கத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"லொறி காலி டீச்சர். நம்மள எங்க ஏத்த விட்டாங்க? இவங்க ஓடி வந்தாங்க, நான்தான் சும்மா பின்னால வந்தேன்."

டீச்சர் கமலாசனியின் காலைப் பார்த்தார். சங்கிலி எண்ணெயும் புழுதியும் முழங்கால் வரை ஏறியிருந்தன. இரண்டு பணிஸ் எடுத்து அவள் கையில் வைத்தார்.

ஸக்கியாவை வாப்பா முச்சக்கர வண்டியில் ஏற்றினார். அது புறப்படும்போது ஸக்கியா தலையை வெளியே நீட்டினாள்.

"அடுத்த முறை எறங்குறதுக்கு முன்னால மணிய அடி."

வண்டி போய்விட்டது. கமலாசனி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மஹய்யாவைக்கு நடந்தாள். பூட்டைத் திறந்தாள். வீட்டில் ஒருவரும் இல்லை.

குளித்தாள். துவாயைத் துவைத்துக் காயப்போட்டாள். ஒரு பணிஸைச் சாப்பிட்டுவிட்டு மற்றதைக் கோப்பையால் மூடி வைத்தாள். அம்மாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்மாவுக்குத் தொலைபேசி இல்லை. கடிதம் போக எத்தனை கிழமை ஆகுமோ.

"நான் வந்து சேர்ந்திட்டன் அம்மா," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். தூரத்தில் மாத்தளை ரயில் போயிற்று.

விளக்கு வைக்கும் நேரத்தில் சித்தி வந்தாள். முகம் களைத்திருந்தது. கதவடியிலேயே நின்று ஒரு காலின் செருப்பைக் கழற்றினாள்.

"போட்டி என்ன மாதிரி? எத்தினையாவது வந்தனி?"

"கடைசிக்கு முதல்."

"அப்ப கடைசி ஆர்?"

"லொறி," என்றாள் கமலாசனி.

சித்தி மற்றச் செருப்பைக் கழற்ற மறந்துபோனாள். அப்படியே வந்து கதிரையில் இருந்தாள்.

"முதலில இருந்து சொல்லு," என்றாள்.