தேய்ந்த பக்கம்

கடப்பாரையின் நுனியைக் கொடுத்து நெம்பியதும், பழைய தளத்தின் ஓரக்கல் ஈரமண் வாசனையோடு மெல்லப் புரண்டு மல்லாந்தது. அதன் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட வழுவழுப்பாக இருந்தது.

அவள் குந்தியிருந்தபடியே கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தாள். வருடக்கணக்கில் வெயிலும் மழையும் மனிதர்களின் காலும் பட்ட மேல்பக்கத்தில் உளித் தழும்புகள்கூட அழியவில்லை. மண்ணுக்குள் கிடந்த பக்கமோ, ஓயாமல் ஏறி இறங்கிய மாடிப்படி போல நடுவில் லேசாகக் குழிந்து, தேய்ந்து, பளபளத்தது.

"என்ன கட்டெறும்பு, புதையலா?" பின்வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த அண்ணன், சின்ன வயதில் அவளுக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லிக் கேட்டான்.

"கல்லு அடியில தேஞ்சிருக்குண்ணா."

"மேல தேஞ்சதும் திருப்பிப் போட்டிருப்பாங்க. இந்த வீட்டை வித்தவங்க சட்டையைக்கூட உள்பக்கம் திருப்பித் தெச்சுப் போடுற ஆளுங்க. பார்த்தாலே தெரிஞ்சுது."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் கை அந்தக் குழிவை விட்டு வரவில்லை.

சாலை விபத்துக்குப் பிறகு அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஊரார் கால்களையெல்லாம் நீட்டி மடக்கி நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். சொந்த அண்ணனிடம் மட்டும் அந்தப் படிப்பு பலிக்கவில்லை. தன்னோடு இருக்கட்டும் என்று அழைத்து வந்த பிறகுதான், தோட்டத்துப் பக்கம் இருந்த கல்தளத்தில் அவன் நாற்காலியைத் திருப்பக்கூட இடம் இல்லை என்று தெரிந்தது. சின்ன வேலை என்று எந்தக் கொத்தனாரும் எட்டிப் பார்க்கவில்லை. சரி, நாமே தளத்தை நீட்டிவிடலாம் என்று அவள் கைபேசியில் வீடியோக்களைப் பார்த்து இறங்கிவிட்டாள்.

விடுமுறை நாட்களெல்லாம் அதிலேயே போயின. புல்லைச் செதுக்கி, மண்ணை வெட்டி, ஜல்லி கொட்டி, திம்சுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே மணல் பரப்பினாள். நூல் கட்டியும் முதல் வரிசை பாம்பு போல நெளிந்தது. பிரித்து மறுபடி போட்டாள். ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வர மறுத்தது. ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்ட, மணலில் சரியாக உட்கார்ந்த கல் 'தொம்' என்று அடங்கியது. பழைய தளம் மட்டும் எங்கே தட்டினாலும் காலிப் பானை போல ஒலித்தது. அந்த ஒலி அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் தட்டுவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு நாள், வெயில் தாழ்ந்த நேரத்தில், அண்ணன் தன் வெறுங்கால்களைக் கையால் தூக்கிக் கல்லின்மேல் வைத்தான்.

"கட்டெறும்பு." குரல் மாறியிருந்தது. "கால்ல ஏதோ படுது."

சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினாள். கண்ணை மூடச் சொல்லி, காலைத் தூக்கி, சாவி நுனியால் உள்ளங்காலைக் கீறினாள். ஒன்றுமில்லை. விரலைக் கிள்ளினாள். ஒன்றுமில்லை. காலை மறுபடி கல்லில் வைத்தாள்.

"இப்போ படுது."

"எப்படி? சில்லுனா?"

"இல்ல. வெதுவெதுன்னு." அவன் தேடித் தேடிச் சொன்னான். "யாரோ என் உள்ளங்காலோட உள்ளங்கால் ஒட்டி வெச்ச மாதிரி."

அவன் கண்கள் நிறைந்திருந்தன. விபத்துக்குப் பின் அந்த முகத்தில் அவள் பார்க்காத சிரிப்பு. அவளும் சிரித்தாள். ஆனால் நரம்பு அப்படிக் கல்லைப் பார்த்து விழித்துக்கொள்ளாது. அது அவளுக்குத் தெரியும்.

அதன்பின் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பால் பொங்கி வழிந்தது. நோயாளியின் இடது காலுக்குப் பதில் வலது காலைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்தால், அண்ணன் காலைக் கல்லில் பதித்தபடி, கூடுதலாக உணர்ந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னான். குதிகால். பக்கவாட்டு. ஒவ்வொரு விரலாக.

அடுத்த விடுமுறையில், அவள் பதித்திருந்த புதுக்கல் ஒன்று மிதித்தால் ஆடியது. மணல் போதவில்லை போலும் என்று நெம்பி எடுத்தாள். லாரியிலிருந்து இறக்கும்போது உள்ளங்கையைச் சிராய்த்த சொரசொரப்பான கல் அது. காயம்கூட இன்னும் ஆறவில்லை.

அடிப்பக்கம் கண்ணாடி போல வழுக்கியது. நடுவில் குழிவு.

மணலைத் தொட்டாள். நிழலில் கிடந்த மணல். சூடாக இருந்தது.

"என்னாச்சு?" என்றான் அண்ணன்.

சொல்ல வாயெடுத்தாள். அவன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல. சொன்னால் இனி வெளியே வரமாட்டான்.

"ஒண்ணுமில்லண்ணா. மணல் பத்தல."

கல்லைத் திரும்ப வைத்துத் தட்டினாள். 'தொம்' என்று அடங்கவில்லை. அதுவும் காலிப் பானையாகியிருந்தது. மிச்சமிருந்த வரிசையை வேகவேகமாகப் போட்டு முடித்தாள்.

மாலையில் மேகம் திரண்டு சீக்கிரமே இருட்டியது. அவள் குளியலறையில் நகக்கண் அழுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தூறல் விழும் ஓசை. இலைகள் சலசலக்கும் ஓசை. அதற்கு நடுவே, ஈரக்கல்லில் வெறுங்கால் பதியும் ஓசை.

சளப். சளப்.

குழாயை மூடினாள். நடந்துகொண்டேயிருந்தது. அவசரமில்லாமல். ஒரே சீராக.

பின்வாசலில் நாற்காலி காலியாக நின்றது. அண்ணன் நடந்துகொண்டிருந்தான்.

ஒரு கணம் அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. நெஞ்சு விம்மி, "அண்ணா" என்றாள். அவன் புதுத்தளத்தின் ஓரம்வரை போய்த் திரும்பினான். அப்போது முகம் தெரிந்தது.

கைகள் காற்றைப் பிடித்துத் தத்தளித்தன. உடம்பு பின்னால் சாய்ந்து கிடந்தது. கால்கள் மட்டும் முன்னால் வந்தன, வேறு யாருடையவோ போல.

"நான் நடக்கல," என்றான். "பிடிச்சுக்கோ. என்னைப் பிடிச்சுக்கோ."

வெறுங்காலோடு பாய்ந்தாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள், எத்தனையோ பேரைத் தூக்கிய அதே பிடி. அவன் கனக்கவே இல்லை. ஆனால் பாதம் கல்லைவிட்டுப் பிரியவில்லை. ஒன்று பிரிந்தால் மற்றது ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். அவன் அலறினான்.

"வலிக்குது. விட்டுடு."

விடவில்லை. தளத்துக்கு வெளியே மண். இரண்டே எட்டு. அவனை அணைத்தபடி காலை எடுத்துவைக்கப் பார்த்தாள்.

எடுக்க வரவில்லை.

கல் சில்லென்று இல்லை. குதிகாலில் ஒரு வெதுவெதுப்பு. பிறகு பக்கவாட்டில். விரலுக்கு விரல். அளவெடுப்பது போல மெல்ல, கச்சிதமாக.

மழை வலுத்தது. அவள் நெஞ்சில் சாய்ந்து அண்ணன் விசும்பிக்கொண்டிருந்தான்.

அவனுடைய வலது கால் உயர்ந்தது. கூடவே, அவளுடையதும்.