முளைக்காத மேடு

பேக்கரிக்காரர் உட்காரவில்லை. நாற்காலியைக் காட்டியும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த டெஸ்ட் பண்ற பொம்பளை ஜெயிலுக்குப் போகணும். அதுக்கு ஆதாரம் வேணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"முதல்ல தண்ணி குடிங்க," என்றார் அண்ணி.

அண்ணி பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் ஆராய்ந்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். கூடவே திரியும் அவருடைய கொழுந்தன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வாய்க்கு வாய் "அண்ணி அண்ணி" என்று கூப்பிட்டே ஊருக்கெல்லாம் அவரை அண்ணி ஆக்கிவிட்டார். கண்டக்டருக்கு யோசிப்பதற்கு முன்பே முடிவு வந்துவிடும். அது ஒரு வியாதி.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். சுரங்கத்தில் தோண்டிய மண் தெருவுக்குப் பின்னால் மலைபோலக் குவிந்து கிடந்தது. அது சரியாமல் இருக்க, காட்டுப் புல்லும் பூஞ்செடியும் கலந்த விதையை அதன்மேல் விதைத்தார்கள். வேர் பிடித்தால் மண் நிற்கும். வேர் பிடிக்கவில்லை. பெருமழையில் மேடு இறங்கி, பேக்கரிக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் புகுந்தது. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரரின் மகளுக்குப் பதினோரு வயது. ஒரே பிள்ளை.

"பத்துக்கு எட்டு முளைக்கும்னு அவ கையெழுத்துப் போட்டிருக்கா. மேட்டுல போய்ப் பாருங்க, மொட்டைத் தலை மாதிரி கிடக்கு. விதையைப் பார்க்காமலே சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கா பாவி!"

"திங்கட்கிழமை விசாரணை இல்லையா?"

"ஆமா. அதுக்குள்ள வேணும்."

அவர் போனதும் கண்டக்டர் எழுந்துவிட்டார். "கேஸ் முடிஞ்சுது அண்ணி. அந்தம்மாதான்."

"செருப்பை மாட்டுங்க தம்பி. மேட்டைப் பார்த்துட்டு வரலாம்."

மேடு உண்மையிலேயே மொட்டையாகத்தான் கிடந்தது. மண் இறங்கிய இடம் ஆறாத புண்போலத் தெரிந்தது. கீழே, பாதி புதைந்த சுவரில் ஒரு பள்ளிக்கூடப் பை இன்னும் ஆணியில் தொங்கியது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் சரியாத பகுதியில் ஒரே ஒரு வகைச் செடி மட்டும் அங்கங்கே நின்றது. சின்ன ஊதாப் பூ. மேட்டின் மேலேயும் கீழேயும் ஒரே உயரம். அண்ணி ஒரு செடியைப் பிடுங்கினார். பிறகு பேனாக்கத்தியால் மண்ணைக் கிளறி, முளைக்காமல் கிடந்த விதைகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தார்.

விதைப்பு வேலையை எடுத்த மேஸ்திரி தகரக் கொட்டகையில் இருந்தார்.

"மூட்டையை லேப்ல எடுத்தேன், லாரியில ஏத்தினேன், நேரா இங்க வந்தேன், மறுநாள் விதைச்சேன். நடுவுல யார் கையும் படலை. இதைத்தான் விசாரணையிலயும் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"மூட்டை நனையலையா?"

"ஒரு சொட்டு? ம்ஹூம். சுக்கு மாதிரி காஞ்சு கிடந்தது. மிச்சம் அரை மூட்டை அந்த மூலையில இருக்கு, வேணும்னா தொட்டுப் பாருங்க."

அண்ணி தொட்டுப் பார்த்தார். ஒரு பொட்டலமும் கட்டிக்கொண்டார். மேஸ்திரி தடுக்கவில்லை.

"யோக்கியமான ஆளாத் தெரியறார்," என்றார் கண்டக்டர் வழியில்.

"முதல்லயும் ஒரு முடிவு சொன்னீங்க."

"அதேதான் இப்பவும். அந்தம்மாதான்."

விதைப் பரிசோதகர் நாற்பது வயதுக்காரி. கண் வீங்கியிருந்தது. பதவியிலிருந்து நிறுத்திவைத்திருந்தாலும், விசாரணைக்காகப் பரிசோதனைக் கூடத்துக்கு வர விட்டிருந்தார்கள்.

"நான் என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க," என்றார். "ஒவ்வொரு மூட்டையிலயும் மேல, நடுவுல, அடியில குழாய் விட்டு மாதிரி எடுத்தேன். ஈரக் காகிதத்துல முளைக்க வெச்சேன், எண்ணினேன். மிச்சத்தைச் சீல் வெச்சு வெச்சிருக்கேன். அது இப்பவும் முளைக்குது. ஆனா நல்ல விதையை மட்டும் பத்திரப்படுத்திட்டு நாடகம் ஆடறேன்னு சொல்றாங்க. நாளைக்கு என்னை உள்ள வெச்சா வீட்டுல கண்ணு தெரியாத மாமனாருக்குச் சோறு போட நாதியில்ல."

அண்ணி பிடுங்கி வந்த செடியை மேஜைமேல் வைத்தார்.

பரிசோதகர் அதை எடுத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "காட்டுப் பயறு. இது எவ்வளவு வந்திருக்கு?"

"விதைச்ச இடம் பூரா. எல்லாம் ஒரே உயரம்."

"இருக்காதே! இதோட தோல் கல்லு மாதிரி. தண்ணியே உள்ள போகாது. இந்த வருஷம் நாலு, அடுத்த வருஷம் நாலுன்னு ஆடி அசைஞ்சுதான் வரும். இங்க நான் பிளேடால ஒவ்வொண்ணாக் கீறினாத்தான் முளைக்கும். கிளம்பினா எல்லாத்துக்கும் கடைசியில கிளம்பற சோம்பேறி இது."

"அந்தச் சோம்பேறி மட்டும் முதல் ஆளா எழுந்திருக்கு. சுறுசுறுப்பான புல் எல்லாம் படுத்துக்கிச்சு," என்றார் அண்ணி. "மூட்டை இங்கிருந்து கிளம்பினப்ப வானம் எப்படி இருந்தது?"

"ஏத்தி முடிக்கறதுக்குள்ளயே மழை பிடிச்சுக்கிச்சு. திறந்த லாரி. தார்ப்பாய் போடுங்கன்னு கத்தினேன். நனைஞ்சா விதைக்காதீங்க, திருப்பிக் கொண்டாங்கன்னும் சொன்னேன்."

கண்டக்டர் வாயைத் திறந்தார். பிறகு ஆச்சரியமாக, மூடிக்கொண்டார்.

மண்ணிலிருந்து பொறுக்கிய புல் விதைகளையும் மேஸ்திரியின் பொட்டலத்தில் இருந்தவற்றையும் பரிசோதகர் நெடுக்காக வெட்டி ஒரு மருந்தில் ஊறப்போட்டார். உயிர் இருந்தால் கரு சிவக்கும் என்றார். மறுநாள் எல்லாம் வெள்ளையாகவே கிடந்தன. கூடவே ஊறப்போட்டிருந்த, அவர் சீல் வைத்துப் பாதுகாத்த விதை மட்டும் இரத்தமாகச் சிவந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி எல்லோரையும் பரிசோதனைக் கூடத்துக்கு வரவழைத்தார். பேக்கரிக்காரர் பரிசோதகரின் முகத்தைப் பார்க்க மறுத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மேஸ்திரி தன் அரை மூட்டையைத் தூக்கி வந்திருந்தார்.

"இந்தம்மா முதல்ல பண்ற வேலையை இப்ப நம்ம முன்னாடி பண்ணட்டும்," என்றார் அண்ணி. "விதை தனியா, விதை அல்லாதது தனியா."

பரிசோதகர் மூட்டைக்குள் குழாயை விட்டு எடுத்தார். வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, விளக்கை இழுத்து வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். புல், பயறு, பூவிதை ஒரு பக்கம். உமி, காம்பு, மணல் மறுபக்கம். பிறகு அவர் கை நின்றது.

"இது என்னன்னு தெரியலை. மண்கட்டி மாதிரி இருக்கு, ஆனா மண் இல்லை. நான் முதல்ல டெஸ்ட் பண்ணினப்ப இது இல்லவே இல்லை."

பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னத் துணுக்குகள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "எலிப் புழுக்கை," என்று தீர்ப்புச் சொன்னார்.

"புழுக்கை இல்லை," என்றார் பேக்கரிக்காரர். தன்னையறியாமல் எழுந்து வந்திருந்தார். ஒரு துணுக்கை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினார். "ரொட்டி. தட்டோட ஓரத்துல ஒட்டிக்கிட்டுக் காயுமே, அது. நாங்க சுரண்டிப் போடு..."

அவர் விரல்கள் மட்டும் தூளைத் தேய்த்துக்கொண்டே இருந்தன.

"மேஸ்திரி," என்றார் அண்ணி, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"சரி. லாரி மழையில நனைஞ்சே வந்தது. திருப்பி அனுப்பினா வேலை தள்ளிப்போகும். மேட்டுக்குப் போற வழியில கடைசிக் கட்டடம் பேக்கரி. ராத்திரியோட ராத்திரியா அங்க காய வெக்கக் கொடுத்திருக்கீங்க. நனைஞ்ச புல் விதை ஊறிப்போய் இருந்தது, சூட்டுல வெந்துடுச்சு. பயறுக்குள்ள தண்ணி போகலை, அதனால பிழைச்சுது. அதே சூடு அதோட தோலைப் பிளந்து எழுப்பியும் விட்டுது. அதைப் பார்த்ததுமே எங்கேயோ அடுப்பு பட்டிருக்குன்னு தெரிஞ்சுது. எந்த அடுப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

"விடியறதுக்குள்ள காயணும்னுதானே கேட்டேன்," என்றார் மேஸ்திரி. "அடுப்புல வைன்னு நான் சொல்லலையே!"

கண்டக்டர் அவர் சட்டையைப் பிடிக்கப் போனார். அண்ணி கண்ணாலேயே தடுத்தார்.

"நீங்க சொல்லலை. ஆனா மேடு பச்சை பிடிக்காதப்பவே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். அப்பவே வாயைத் திறந்திருந்தா மறுபடி விதைச்சிருக்கலாம், கீழ இருக்கிறவங்களைக் காலி பண்ணச் சொல்லியிருக்கலாம். நீங்க இந்தம்மா தலையில போட்டுட்டுச் சும்மா இருந்தீங்க."

பேக்கரிக்காரர் மெதுவாகப் பேசினார். "ரொட்டி எடுத்த சூட்டோட தட்டுல பரப்பி உள்ள தள்ளினேன். விதை நல்லாக் காஞ்சா நல்லதுன்னு நினைச்சேன். உதவிதானேன்னு செஞ்சேன். பாப்பாதான் தட்டுத் தட்டாப் பரப்பிக் கொடுத்தா. கையெல்லாம் விதை ஒட்டியிருந்தது அவளுக்கு."

பரிசோதகர் இடுக்கியைக் கீழே வைத்தார். பல நாளாக இந்த நிமிஷத்துக்காகவே தவம் கிடந்தவர், இப்போது அழுதார்.

"தெரியாம செஞ்சது நீங்க. தெரிஞ்சு மறைச்சது அவர்," என்றார் அண்ணி. "ரெண்டும் ஒண்ணு இல்லைங்க."

"நீங்க சொன்னா சரிதாம்மா." பேக்கரிக்காரர் பரிசோதகர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு நானே வந்து சொல்லிடறேன். உங்களைப் பத்தி ஊர் முழுக்கப் பேசினேன். என்னை மன்னிக்கக்கூட வேண்டாம்மா." பிறகு அண்ணியிடம், "வீட்டுக்கு மட்டும் கூட வாங்க. என் பொண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என் வாயில வராது," என்றார்.

மண் புகுந்த பிறகு அவர் மனைவி தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். மூவரும் நடந்தே போனார்கள். கதவைத் தட்டும் முன்பே அவள் திறந்தாள். அண்ணியைப் பார்த்தாள், கண்டக்டரைப் பார்த்தாள், பிறகு கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருன்னு தெரிஞ்சுதாங்க?"

அண்ணி வாயைத் திறந்தார். அதற்குள் பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார்.

"நான்தான்."