குளிரவைத்த சிவப்பு வைன்

சனிக்கிழமைதோறும் கடை திறந்ததும் பிளோறன்ஸ் முதலில் செய்யும் வேலை ஒன்றே: மென்சிவப்பு வைன் போத்தல்கள் இரண்டைப் பனிக்கட்டி வாளியில் இறக்குவாள். ஹம்பேர்க் ரயில் நிலையத்தருகே உள்ள அந்த வைன் கடையில் அவள் விற்பனையாளர். பிரான்சின் சின்னஞ்சிறு கிராமமொன்றின் அந்த மலிவு வைனை, தயங்கிய முதலாளியிடம் வாதாடி வரவழைத்தவளும் அவளே. அது விலைபோகாவிட்டால் அவள் தெரிவு எதுவும் இனி அந்தக் கடைத் தட்டில் ஏறாது.

அன்று மழை... இமைகளில் துளி தாங்கியபடி ஓர் இளைஞன் நுழைந்தான். அவள் பார்வை ஒரு கணம் அவனிலேயே தங்கியது. தமிழ்ப் பெண்ணென்று கண்டு, அவள் பெயரட்டையைப் படித்தபடி அவன் தமிழிலேயே பேசினான்.

"நான் றெக்ஸ். நாளைக்கு அம்மா அப்பான்ர கலியாண வெள்ளி விழா. பூசை முடிய விருந்து. நல்ல சிவப்பு வைன் வேணும்."

"ஆட்டிறைச்சிக் கறியோ?"

"ஓம், நல்ல உறைப்பு."

"அப்ப இதைக் குளிரவைச்சுக் குடுங்கோ."

அவள் ஊற்றிக் கொடுத்த கிண்ணத்தை அவன் வெளிச்சத்தில் பிடித்தான். "வெறும் தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு. சிவப்பு வைனைக் குளிரவைக்கிறதோ? சனம் சிரிக்கும்."

"உங்கட சனம் கண்ணாலயோ குடிக்கிறது?"

அவன் முகம் சுருங்கியது. கல்லாவில் இருந்த முதலாளியிடம் திரும்பி, "விலைபோகாத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு, விலைகூடிய, கரிய நிறச் சிவப்பு வைனை வாங்கினான்.

"அடுத்த சனியோடு மீதியைத் திருப்பி அனுப்பு" என்றார் முதலாளி.

கண் கலங்கியும் அவள் தலை தாழவில்லை. மென்சிவப்பு வைன் போத்தல் ஒன்றை அவன் பையில் வைத்தாள். "இது நான் தாறது. குடிச்சுப் பாருங்கோ."

கருமேகத்துக்கே ஆடுவேன் என்று வீம்புடன் காத்திருந்த மயிலொன்று, வெண்மேகம் பொழிந்த மழையைத் தூங்கியே தவறவிட்டதாம். றெக்ஸின் நிலையும் அதுவே. விருந்தில் கரிய வைன் மிளகாயோடு சேர்ந்து நாக்கை எரிக்க, எல்லோரும் தண்ணீருக்குக் கை நீட்டினர். பிளோறன்ஸ் தந்த குளிர்ந்த மென்சிவப்பு வைனைச் சுவைத்த அவன் தாய் மக்டலீன் மட்டும், "இதில இன்னும் கிடக்கோ தம்பி?" என்றாள்.

கலங்கியும் தாழாத அந்த விழிகள்... வாரமெல்லாம் அவனை உறங்கவிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை உறவினர் புடைசூழ அவன் வந்தான்.

"பிழை விட்டிட்டன், பிளோறன்ஸ். வைனுக்காக மட்டும் வரேல்லை... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் கன்னம் சிவந்தது. குரல் மட்டும் இளகவில்லை. "எனக்கும் பிடிச்சுத்தான் இருக்கு. ஆனா முதலாளிக்கு முன்னால சொன்னதை ஆர் அழிக்கிறது?"

றெக்ஸ் முதலாளியின் முன் நிமிர்ந்து நின்றான். கடை முழுவதும் கேட்க, ஜெர்மன் மொழியில் சொன்னான்: "அன்று நான் இவரைப் பற்றிச் சொன்னது அநியாயம். இவர் தெரிவே சரி. இருக்கும் பெட்டிகள் அத்தனையும் எங்களுக்கு வேண்டும்."